வெளிநாட்டுச் சம்பளம், அமெரிக்க பாஸ்போர்ட்: விலக்கா, கிரெடிட்டா?

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் 25 வயசுப் பையன் ஒருத்தன் ஆபீஸுக்கு வந்தான். கூடவே அவன் அப்பா. பையன் கையில் ஒரு பேங்க் ஃபார்ம்.

"மேடம், புது அக்கவுன்ட் ஓபன் பண்ணப் போனேன். பிறந்த இடம் நியூஜெர்சின்னு போட்டதும் இன்னொரு ஃபார்ம் குடுத்துட்டாங்க. அமெரிக்க டேக்ஸ் நம்பர் கேக்குறாங்க. நான் நாலு வயசுல இங்க வந்துட்டேன். அங்க ஒரு நாள்கூட வேலை பார்த்தது இல்ல. எனக்கு எதுக்கு அந்த ஊர் டேக்ஸ்?"

அப்பா குறுக்கே வந்தார். "ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கே மேடம். ஒரு இடத்துல கட்டினா போதும்ல?"

இந்த ரெண்டு கேள்வியும் எனக்குப் புதுசு இல்லை. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஹெச்-1பி விசாவில் போன பலருக்கு அங்கே குழந்தை பிறந்தது. குழந்தை அங்கே பிறந்தால் அமெரிக்கக் குடிமகன். பிறகு குடும்பம் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பி வந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது ஓ.சி.ஐ. கார்டோடு வேலைக்குப் போகிறார்கள். முதல் சம்பளம் வரும்போதுதான் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கம் தெரிகிறது.

அமெரிக்கா தன் குடிமக்களிடமும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமும், அவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும், உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கு வரிக் கணக்கு கேட்கும். குடியுரிமையை வைத்து இப்படிக் கேட்கும் இன்னொரு நாடு எரித்ரியா. மற்ற நாடுகள் பெரும்பாலும் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். 1989ல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்திலும் 'என் குடிமக்களுக்கு நான் என் சட்டப்படி வரி போடுவேன்' என்று அமெரிக்கா ஒரு ஷரத்தை வைத்திருக்கிறது. அப்பா சொன்ன மாதிரி 'ஒரு இடத்துல கட்டினா போதும்' என்று அதில் இல்லை. ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை முழு வரி கட்டாமல் இருக்க வழி மட்டும் இருக்கிறது. பேங்க் அந்த ஃபார்மைக் கேட்பதும் சும்மா இல்லை. 2015ல் இந்தியா ஃபாட்கா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதன்படி அமெரிக்கர்களின் கணக்கு விவரம் நம் வருமான வரித் துறை வழியாக அங்கே போகும்.

சரி, அந்த வழிகள் என்ன? ரெண்டு இருக்கு. வீடியோவில் ரெண்டையும் எட்டு நிமிஷத்தில் ஓட்டிவிட்டேன். அவை ஒன்றோடு ஒன்று எப்படி மோதும் என்பதைச் சொல்ல அங்கே நேரம் இல்லை. காசு போவது அந்த மோதலில்தான்.

ரெண்டு கதவு

முதல் வழி விலக்கு. ஃபார்ம் 2555. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒரு வரம்பு வரைக்கும் அமெரிக்கக் கணக்கிலிருந்தே வெளியே எடுத்துவிடலாம். 2024க்கு அந்த வரம்பு 1,26,500 டாலர், 2025க்கு 1,30,000 டாலர், 2026க்கு 1,32,900 டாலர். உங்கள் வேலையும் வாழ்க்கையும் வெளிநாட்டில் இருக்கணும். அதோடு தொடர்ச்சியான 12 மாசத்தில் 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்கணும், அல்லது ஒரு முழு காலண்டர் வருஷத்தை உள்ளடக்கி வேறு நாட்டில் உண்மையாகவே குடியிருந்திருக்கணும்.

ரெண்டாவது கிரெடிட். ஃபார்ம் 1116. வருமானத்தை வெளியே எடுக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் காட்டி, அமெரிக்க வரியைக் கணக்குப் போட்டு, இந்தியாவில் கட்டிய வருமான வரியை அதிலிருந்து கழிப்பீர்கள். வெளிநாட்டு வருமானத்துக்கு அமெரிக்கா போடும் வரி எவ்வளவோ, அதற்கு மேல் கழிக்க முடியாது. மிச்சம் இருந்தால் ஒரு வருஷம் பின்னாலும் பத்து வருஷம் முன்னாலும் கொண்டுபோகலாம். இதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை.

ஒரே ரூபாய் ரெண்டு கதவு வழியாகவும் போகாது. விலக்கில் எடுத்த சம்பளத்துக்குக் கட்டிய இந்திய வரியை கிரெடிட்டாகக் கேட்க முடியாது. இந்த ஒரு வரியை மறந்து ரிட்டர்ன் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் வேணும்னே மறந்திருந்தார்கள், அது வேறு கதை.

இனி கணக்கு. எல்லாம் 2025 வருமானத்துக்கான அமெரிக்க ஸ்லாப். இந்தியப் பக்கம் 2025-26 புது முறை. டாலருக்கு 85 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். உண்மையில் ஐ.ஆர்.எஸ். வெளியிடும் வருஷ சராசரி ரேட்டைப் போடணும். அமெரிக்கா ஜனவரி-டிசம்பர், நாம் ஏப்ரல்-மார்ச் என்ற தலைவலியையும் இப்போதைக்கு ஓரமாக வைப்போம்.

துபாயில் யோசிக்கவே வேண்டாம்

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வரியே கட்டாதபோது கிரெடிட்டாகக் கேட்க என்ன இருக்கு? அங்கே விலக்குதான். வருஷம் 90,000 டாலர் சம்பளம் வாங்கும் கல்யாணமாகாத ஒருவர் விலக்கு எடுத்தால் அமெரிக்க வரி சைபர். எடுக்காவிட்டால் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 15,750 போக 74,250 டாலருக்கு வரி வரும். அது ஏறக்குறைய 11,249 டாலர், நம்ம காசில் ஒன்பதரை லட்சம். இந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கே ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலக்கு வருமான வரிக்கு மட்டும்தான். சுயதொழில் செய்பவர்கள் கட்ட வேண்டிய 15.3% சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியை அது தொடாது. இந்தியாவில் இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ரெண்டு நாட்டுக்கும் நடுவில் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் கிடையாது.

சென்னையில் கதை மாறுது

இப்போது சென்னையில் 40 லட்சம் சம்பளம் வாங்கும், கல்யாணமாகாத அமெரிக்கக் குடிமகனை எடுத்துக்கொள்வோம். 75,000 கழித்தால் 39,25,000. ஸ்லாப் போட்டால் 7,57,500 வரி, 4% செஸ் சேர்த்து 7,87,800. டாலரில் சம்பளம் 47,059, இந்திய வரி 9,268.

அதே சம்பளத்துக்கு அமெரிக்க வரி? 15,750 போக 31,309 டாலர். 10%, 12% ஸ்லாபில் ஏறக்குறைய 3,519 டாலர்.

விலக்கு எடுத்தால் அமெரிக்க வரி சைபர். கிரெடிட் எடுத்தாலும் சைபர். "அப்புறம் என்ன மேடம், எது ஈஸியோ அதைப் போட வேண்டியதுதானே" என்பார்கள். ஃபார்ம் 2555 பார்க்க எளிமையாக இருக்கும். ஃபார்ம் 1116ஐ நிரப்பத் தனிப் பொறுமை வேணும். அதனால் நிறையப் பேர் விலக்குக்குப் போய்விடுகிறார்கள்.

கிரெடிட் எடுத்தவர் கையில் 9,268-ல் 3,519 போக 5,749 டாலர் மிச்ச கிரெடிட் இருக்கும். பத்து வருஷத்துக்கு உயிரோடு இருக்கும். விலக்கு எடுத்தவர் கையில் ஒன்றும் இல்லை. அவர் கட்டிய 7.87 லட்சமும் அமெரிக்கக் கணக்கில் காணாமல் போய்விடும்.

அந்த மிச்சத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு எதிராக அதைக் கழிக்க முடியாது. அது அமெரிக்க வருமானம். இதைத் தப்பாகச் சொல்கிற வீடியோக்கள் இருக்கின்றன. நாளைக்கு வரி குறைவான வேறொரு நாட்டில் சம்பாதித்தால் அந்த வருமானத்துக்கு எதிராகக் கழிக்கலாம். இங்கே வேலை பார்த்த காலத்துக்கான போனஸோ ஆர்.எஸ்.யு.வோ அங்கே போனபிறகு கைக்கு வந்தால், அதற்கும் கழிக்கலாம். அமெரிக்கக் கம்பெனியின் சென்னை ஆபீஸில் ஷேர் வாங்கும் நம்ம பசங்களுக்கு இது கற்பனை இல்லை, நிஜமாகவே வரும்.

விலக்கு எடுத்தவருக்கு இன்னொன்றும் போகும். சம்பளம் முழுவதையும் விலக்கில் எடுத்துவிட்டால் ஐ.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட உங்களுக்குத் தகுதி இருக்காது. அந்தக் கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சம்பாதிக்கவே இல்லை.

குழந்தை இருந்தால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என்னிடம் வந்த ஃபைல்களில் அதிகம் பணம் போனது இங்கேதான்.

பத்து வருஷம் டெக்ஸாஸில் இருந்து குடியுரிமை வாங்கி, சென்னைக்குத் திரும்பிய ஒருவர். மனைவி இந்தியக் குடிமகள், கிரீன் கார்டு இல்லை. ரெண்டு பெண் குழந்தைகள், ரெண்டு பேரும் அங்கே பிறந்தவர்கள், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கு. சம்பளம் நான் மேலே சொன்ன 40 லட்சத்துக்குப் பக்கத்தில். அவருக்கு முன்னால் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர் வருஷா வருஷம் ஃபார்ம் 2555 போட்டு, வரி சைபர், வேலை முடிந்தது என்று அனுப்பியிருந்தார். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

அவர் என்னிடம் வந்தது வேறு வேலைக்காக. ஃபைலைப் புரட்டும்போது குழந்தைகளின் பெயரைப் பார்த்தேன்.

"சார், சைல்டு டேக்ஸ் கிரெடிட் வாங்கியிருக்கீங்களா?"

"அது அமெரிக்காவுல இருந்தாதானே மேடம்?"

இல்லை. குழந்தை அமெரிக்கக் குடிமகளாக இருந்து, 17 வயசுக்குள் இருந்து, உங்களோடு பாதி வருஷத்துக்கு மேல் வாழ்ந்தால் போதும். சென்னை வீடும் வீடுதான். 2025க்கு ஒரு குழந்தைக்கு 2,200 டாலர் கிரெடிட். அதில் 1,700 டாலர் வரை, வரியே இல்லாவிட்டாலும் கையில் பணமாகத் திரும்ப வரும். நிபந்தனை ஒன்று: அந்த வருஷம் ஃபார்ம் 2555 போட்டிருந்தால் திரும்பத் தரும் பாகம் கிடையாது. விலக்கு எடுத்தவருக்கு அந்தக் கதவு முழுசாக மூடியிருக்கும்.

அவர் கணக்கை 2025 நம்பரில் போட்டுப் பார்ப்போம். மனைவி அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவர், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் இவருடையது, குழந்தைகள் கூடவே இருக்கிறார்கள். அதனால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு என்ற நிலையில் போடலாம். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 23,625. 47,059-ல் அது போக 23,434 டாலர். வரி சுமார் 2,472. இந்திய வரி 9,268 இருக்கிறதே, அது இந்த 2,472ஐ முழுக்க அடித்துவிடும். அதன் பிறகு குழந்தைகளுக்கான தொகை: சம்பாத்தியத்தில் 2,500 டாலர் போக மிச்சத்தில் 15%, உச்சவரம்பு ரெண்டு குழந்தைக்கு 3,400. 15% போட்டால் 6,684 வருகிறது. ஆகவே உச்சவரம்பு 3,400 முழுசாகக் கிடைக்கும். 2,89,000 ரூபாய். வருஷா வருஷம். அதோடு சுமார் 6,800 டாலர் மிச்ச கிரெடிட்டும் கையில் நிற்கும்.

விலக்கு எடுத்தால்? சைபர் வரி, சைபர் ரீஃபண்டு.

அவருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. "அப்போ இத்தனை வருஷம்?" என்றார். ரீஃபண்டு கேட்க பொதுவாக ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து மூணு வருஷம்தான். அதைத் தாண்டிய வருஷங்கள் போனது போனதுதான். கெடுவுக்குள் இருந்தவை 2023ம் 2024ம். அப்போது திரும்பத் தரும் பாகம் குழந்தைக்கு முறையே 1,600, 1,700 டாலர். ரெண்டு வருஷத்துக்கும் ரெண்டு குழந்தைக்கும் சேர்த்து 6,600 டாலர். திருத்திய ரிட்டர்ன் போட்டால் வாங்கலாம்.

ஆனால் பேனாவை எடுக்கும் முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "சார், அடுத்த அஞ்சாறு வருஷத்துல துபாய், சவுதின்னு போற ஐடியா ஏதாவது இருக்கா?"

அஞ்சு வருஷப் பூட்டு

விலக்கை ஒரு தடவை தேர்ந்தெடுத்தால், நீங்கள் ரத்து செய்யும் வரை அது அடுத்தடுத்த வருஷங்களுக்கும் தொடரும். ரத்து செய்யலாம், ரிட்டர்னோடு ஒரு கடிதம் வைத்தால் போதும். ஆனால் ரத்து செய்த வருஷத்துக்குப் பிறகு வரும் அஞ்சு வருஷத்துக்கு, ஐ.ஆர்.எஸ். தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய, திரும்ப எடுக்க முடியாது. 2023ல் இருந்து ரத்து என்றால் மறுபடி 2029ல்தான். கடிதமே வைக்காவிட்டாலும், விலக்கில் எடுக்கக்கூடிய சம்பளத்துக்கு கிரெடிட் கேட்டுவிட்டால் நீங்களே ரத்து செய்ததாக அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பூட்டு விழுந்த நேரத்தில் துபாய் ஆஃபர் வந்தால்? மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன 11,249 டாலர். குடும்ப நிலையைப் பொறுத்து நம்பர் மாறும், ஆனால் வலி அதேதான்.

அவருக்கு அப்பா அம்மா இங்கே, பெண்களுக்கு ஸ்கூல் இங்கே. "எங்கயும் போறதா இல்ல மேடம்" என்றார். அதற்குப் பிறகுதான் திருத்திய ரிட்டர்ன் போட்டோம். இதுவரை ஒரு தடவைகூட விலக்கு எடுக்காதவருக்கு இந்தப் பூட்டுக் கவலையே இல்லை. அவர் இந்திய வருஷங்களுக்கு கிரெடிட்டில் இருந்துவிட்டு, துபாய் போகும்போது முதல் தடவையாக விலக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரெண்டையும் சேர்த்தால்

வரி சைபரும் இல்லாமல், இந்தியா அளவுக்கும் இல்லாமல் நடுவில் இருக்கும் நாடுகளில்தான் கணக்கு சுவாரஸ்யமாகும். சிங்கப்பூரில் 1,80,000 டாலர் சம்பளம், அங்கே கட்டிய வரி 21,600 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

கிரெடிட் மட்டும் எடுத்தால்: 1,64,250 டாலருக்கு அமெரிக்க வரி 32,267. சிங்கப்பூரில் கட்டியது போக அமெரிக்காவுக்கு 10,667 கட்டணும்.

விலக்கையும் எடுத்தால்: 1,30,000 வெளியே போகும். மிச்சம் 50,000, அதில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக 34,250. இங்கே முக்கால்வாசிப் பேர் 10%, 12% ஸ்லாபில் 3,872 டாலர் என்று எழுதுவார்கள். அப்புறம் அதிலிருந்து 21,600ஐக் கழித்து சைபர் என்று கோடு போடுவார்கள். ரெண்டுமே தப்பு.

2006ல் சட்டத்தை மாற்றினார்கள். விலக்கில் போன பணம் கீழ் ஸ்லாபுகளை ஏற்கெனவே நிரப்பிவிட்டதாகக் கணக்கு. மிச்சப் பணம் அதற்கு மேலே உட்காரும். லிஃப்டில் கீழ்த் தளங்களை வேறொருவர் புக் பண்ணிவிட்ட மாதிரி. ஆகவே 34,250 முழுவதற்கும் 24%: 8,220 டாலர். அடுத்தது கிரெடிட். 1,80,000ல் 1,30,000 விலக்கில் போய்விட்டதால் வரியிலும் அதே விகிதம் போய்விடும். 21,600ல் 6,000 மட்டும்தான் மிஞ்சும். 8,220ல் 6,000 போக 2,220 டாலர் கட்டணும்.

சைபர் என்று நினைத்தது 2,220 ஆனது. அப்படியும் கிரெடிட் மட்டும் எடுத்தால் வரும் 10,667ஐ விட இது எவ்வளவோ மேல். வீட்டு வாடகைக்குத் தனி விலக்கும் உண்டு, சிங்கப்பூர் மாதிரி ஊரில் அதையும் பார்க்கணும். இந்த மாதிரி நாட்டில் ரெண்டு விதமாகவும் போட்டுப் பார்க்காமல் யாராவது பதில் சொன்னால் நம்பாதீர்கள், நான் உட்பட.

விலக்கில் 'கொஞ்சம் மட்டும் எடுத்துக்கிறேன், மிச்சத்துக்கு கிரெடிட்' என்றும் பேரம் பேச முடியாது. எடுத்தால் வரம்பு வரை முழுசாக எடுக்கணும்.

ரெண்டு கதவும் உதவாத இடங்கள்

எஃப்.டி. வட்டி, வாடகை, ஷேர் லாபம் இவையெல்லாம் உழைத்துச் சம்பாதித்தது இல்லை. விலக்கு இவற்றைத் தொடாது. கிரெடிட் உண்டு, ஆனால் தனிக் கூடை. சம்பளத்தில் மிஞ்சிய கிரெடிட்டை வட்டிக்கான வரியில் கழிக்க முடியாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருந்தால் அது பி.எஃப்.ஐ.சி. என்ற தனி வகை, ஃபார்ம் 8621, கடுமையான வரி. எஸ்.ஐ.பி. ஆரம்பிக்கும் முன் என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நான் அதிகம் சொல்வது இதற்குத்தான்.

கிரெடிட்டாக வருவது நீங்கள் உண்மையில் கட்ட வேண்டிய வருமான வரி மட்டும். டி.டி.எஸ். அதிகம் பிடித்து ரீஃபண்டு வந்தால் அது கட்டிய வரி ஆகாது. ஜி.எஸ்.டி., சொத்து வரி எதுவும் சேராது. ஓரமாக வைத்த அந்த ஏப்ரல்-மார்ச் தலைவலிக்கும் இங்கேதான் பதில்: வரியைக் கட்டிய தேதியை வைத்து எடுக்கலாம், அல்லது இந்திய நிதியாண்டு முடியும் மார்ச் 31ல் சேர்ந்ததாக எடுக்கலாம். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு எல்லா வருஷமும் அதேதான்.

அமெரிக்காவில் மாநில வரி தனி. கலிஃபோர்னியா இந்த விலக்கை ஏற்பதில்லை. அங்கிருந்து தற்காலிகமாக வந்தவர்கள் கவனிக்கணும்.

அந்தப் பையன்

அவன் சம்பளம் 14 லட்சம். டாலரில் 16,471. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக 721, அதற்கு அமெரிக்க வரி 72 டாலர். இந்தியாவில் கட்டுவது 81,900 ரூபாய், அதாவது 963 டாலர். எந்தக் கதவில் போனாலும் அமெரிக்க வரி சைபர். ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆகணும். 15,750 டாலர் என்ற வரம்பை விலக்குக்கு முன்னால் உள்ள மொத்த வருமானத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். 'என் சம்பளம் விலக்குக்குள்ள வந்துடுது, அதனால ஃபைல் பண்ணல' என்பது செல்லாது.

அவனுக்கு கிரெடிட் என்று முடிவு செய்தோம். காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. விசா வேண்டாத ஆள் என்பதால் டீமில் ஆன்சைட்டுக்கு முதலில் அனுப்புவது இவனைத்தான். ஒரு வருஷத்தில் ரெண்டு தடவை ஒன்றரை மாசம் போய் வந்தால் 330 நாள் கணக்கு உடைந்துவிடும். அங்கே வேலை பார்த்த நாட்களின் சம்பளம் அமெரிக்க வருமானம், அதற்கு விலக்கும் கிடையாது. அந்த நாட்களுக்கான ரெட்டை வரியை ஒப்பந்தத்தையும் இந்தியப் பக்கம் ஃபார்ம் 67ஐயும் வைத்துத் தனியாகச் சரி செய்யணும். மிச்ச மாசங்களுக்காவது நாள் எண்ணாமல் இருக்க கிரெடிட்தான் நல்லது.

பழைய வருஷங்களுக்கு ஸ்ட்ரீம்லைன்டு என்ற வழி இருக்கு. தெரியாமல் விட்டவர்களுக்கானது. மூணு வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்.பி.ஏ.ஆர்., ஏன் விட்டேன் என்று உண்மையான விளக்கம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இதில் அபராதம் இல்லை. எஃப்.பி.ஏ.ஆர். என்பது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் கொடுக்க வேண்டிய தகவல். அப்பாவின் கணக்கில் இவன் பெயரும் ஜாயின்டாக இருந்தது. அப்பா முகம் மாறியது அப்போதுதான். "அது என் பணம் மேடம்!" உங்க பணம்தான் சார், அதுக்கு வரி கேட்கல, தகவல்தான் கேக்குறாங்க என்று புரியவைக்க இருபது நிமிஷம் ஆச்சு. நான் இந்தியச் சி.ஏ.; அமெரிக்க ரிட்டர்னை அங்கே லைசென்ஸ் உள்ள என்ரோல்டு ஏஜென்ட் ஒருவரோடு சேர்ந்துதான் போடுகிறேன். ஸ்ட்ரீம்லைன்டு விளக்கத்தை மட்டும் யாரிடமும் காப்பி அடிக்காதீர்கள், உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள்.

2025 ரிட்டர்னுக்கு வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே நேரம் உண்டு. வரி பாக்கி இருந்தால் வட்டி மட்டும் ஏப்ரல் 15லிருந்தே ஓடும்.

போன வாரம் பையன் மெசேஜ் அனுப்பினான். "மேடம், துபாய் ஆஃபர் வந்துருக்கு. ஏப்ரல்ல ஜாயினிங். இந்த வருஷ இந்திய சம்பளத்துக்கு கிரெடிட், துபாய் சம்பளத்துக்கு விலக்குன்னு பிரிச்சுப் போடலாமா?"

முடியாது. விலக்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த வருஷத்தில் அமெரிக்காவுக்கு வெளியே சம்பாதித்த எல்லாச் சம்பளமும் அதில் வரும், ஜனவரி முதல் மார்ச் வரை சென்னையில் வாங்கியதும் சேர்த்து. அந்த மூணு மாச இந்திய வரிக்கு கிரெடிட் போய்விடும். அவன் விஷயத்தில் அது சின்னத் தொகை, துபாயில் மிச்சமாவது பெரிய தொகை. 330 நாள் கணக்கில் சென்னை நாட்களும் சேரும், அமெரிக்க மண்ணில் இல்லாத நாள் எல்லாமே நாள்தான். "போர்டிங் பாஸை எல்லாம் போட்டோ எடுத்து வை, பாஸ்போர்ட் ஸ்டாம்பையும். ஜாயின் பண்ண அப்புறம் முதல் வருஷம் ஆன்சைட்டுக்கு ஓகே சொல்லாதே" என்று பதில் போட்டேன்.

"ஓகே மேடம். அப்பா அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்ல இருந்து என் பேரை எடுத்துட்டார்" என்று வந்தது.